எட்டரை மணிக்குப் பூட்டும் பெட்டி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஆஸ்பத்திரி அறைக்குள் போனபோது என் மகள் சாம்பவி ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு புறப்படத் தயாராக நின்றாள். இரவு முழுவதும் தாயின் கட்டிலடியில் இருந்தவள்.

"அப்பா, நான் வீட்டை போய்க் குளிச்சிட்டு வாறன். அம்மா தம்பியோட கதைக்கோணும் எண்டு விடியவிடியக் கேட்டவ. எட்டு மணி போல அவனே எடுப்பான். எடுக்காட்டி நீங்கள் எடுத்துக் குடுங்கோ. எட்டரைக்குப் பிறகு ஏலாது, தெரியுந்தானே?"

"தெரியும்."

"எட்டரைக்கு முதல், அப்பா."

"ஒருக்காச் சொன்னாக் காணும்."

அவள் போனாள். என் மனைவி குணேஸ்வரி ஒட்சிசன் மூடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். கண்கள் மட்டும் பழைய கண்கள்.

எட்டரைக்குப் பிறகு ஏலாது என்பதற்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி. என் மகன் நிதுசன் இங்கிலாந்தில் விளையாடும் உதைபந்தாட்டக் கழகத்தில், ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது எல்லோருடைய தொலைபேசியையும் வாங்கி அந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள். அங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் மொன்றியலில் காலை பத்து. ஆகவே எங்கள் எட்டரைக்குப் பெட்டி பூட்டப்படும். பயிற்சியாளரின் கட்டளை. நல்ல கட்டளை.

நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு வெல்பறோ கழகத்தைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலாம் பிரிவில் உள்ள இருபத்துநாலு கழகங்களில் ஒன்று. மழை பெய்தால் மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கும் சின்ன ஊர். பருவம் முடியும்போது கடைசி இரண்டு இடங்களில் இருப்பவர்களை ஐந்தாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். அன்று கடைசி ஆட்டம். வெல்பறோ கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் நின்றது. ஒரு புள்ளி குறைவாக அதற்குக் கீழே டன்மியர் என்ற கழகம். வெல்பறோ வென்றால் தப்பும். சமன் செய்தாலும், டன்மியர் தன்னுடைய ஆட்டத்தில் வெல்லாவிட்டால் தப்பும்.

அந்த நிலைக்கு வெல்பறோ வந்ததற்கு எங்கள் வீடும் ஒரு காரணம் என்று அந்த ஊர் ஆட்கள் சொன்னார்கள். மார்கழியில் குணேஸ்வரிக்கு முதன்முதலாக மூச்சு முட்டியபோது நிதுசன் என்னைக் கேட்காமல் விமானம் ஏறி வந்துவிட்டான். பின்வரிசையில் ஐந்தாம் இலக்கம் அவன். அவன் இல்லாத இரண்டு ஆட்டங்களில் கழகம் ஒன்பது கோல் வாங்கியது. 'ஐந்தாம் இலக்கம் பால் குடிக்கப் போயிருக்கிறது' என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதினார்கள்.

அதை எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் நகுலேஸ்வரன் தேடி எடுத்து, தமிழில் மொழிபெயர்த்து, பொங்கல் விழாவில் ஒலிவாங்கியில் வாசித்தார். நகைச்சுவைக்காம். முந்நூறு பேர் சிரித்தார்கள். நான் முன் வரிசையில் இருந்தேன்.

அன்றிரவே நிதுசனுக்குச் சொன்னேன். "இனி ஒருக்கா இப்பிடி விட்டிட்டு ஓடி வந்தால் என்ரை வீட்டுப் படி மிதிக்காதை."

என் தகப்பனார் காலமான செய்தி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பின்னேரம் நான் டவுன்டவுன் ஹோட்டல் குசினியில் இருநூறு பேருக்கு மரக்கறி வெட்டினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் அப்படி.

ஏழரைக்கு டொக்டர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டாள். சின்னப் பெண். மெதுவான பிரெஞ்சில் சொன்னாள். குசினியில் முப்பத்தொரு வருடம் பேசிய பிரெஞ்சு எனக்குப் போதும்.

இன்றைக்கு. பெரும்பாலும் பின்னேரத்துக்கு முன். அழைக்க வேண்டியவர்களை இப்போதே அழையுங்கள்.

"விளங்கினதா, மிசியூ?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

விளங்கினது என்றேன்.

எட்டு மணி ஏழு நிமிடத்துக்குக் குணேஸ்வரியின் தொலைபேசி அடித்தது. மேசையில் கிடந்த அதை நோக்கி அவளுடைய கை போர்வைக்கு மேலால் நகர்ந்தது. நான் எடுத்தேன்.

"அம்மா?"

"அப்பா கதைக்கிறன்."

"அம்மா எங்கை?"

குணேஸ்வரி மூடியை ஒரு விரலால் விலத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"அம்மா நித்திரை," என்றேன்.

"எழுப்பேலாதோ, அப்பா? ரெண்டு நிமிசம். திருநீறு பூசினியோ எண்டு கேப்பா. அதைக் கேக்காமல் இறங்கினா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"பூசினியோ?"

"சொக்ஸுக்குள்ள சுத்தி வச்சிருக்கிறன். நெத்தியில பூசினா வேர்வையோட கண்ணுக்குள்ள போகும். அம்மாக்குத் தெரியும்."

"பிறகென்ன? போய் விளையாடு."

"டொக்டர் என்ன சொன்னவ?"

"நேற்றைப் போலத்தான்."

"ஷுவரா?"

"நான் என்ன பொய்யே சொல்லுறன்? வெண்டிட்டு எடு. பன்னிரண்டு மணிக்கு அம்மா முழிச்சிருப்பா."

தொலைபேசியை மேசையில் வைக்கவில்லை. என் சட்டைப் பையில் போட்டேன்.

"நான் முழிச்சுத்தானே கிடக்கிறன்," என்றாள் குணேஸ்வரி.

"உன்ரை குரலை இப்ப கேட்டானெண்டால் அவனுக்குக் கால் ஓடாது. பன்னிரண்டுக்குக் கதை."

"பன்னிரண்டுக்கு நான் இருப்பனோ?"

"இருப்பாய்."

அவள் மூச்சை எடுத்து எடுத்துப் பேசினாள். "உங்கடை அப்பா செத்தண்டைக்கு... நீங்கள் வேலைக்குப் போனீங்கள். நான்தான் வீட்டிலை இருந்து அழுதனான். உங்களுக்காகவும் சேத்து."

அவள் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி கிடந்தாள். எட்டு இருபது. எட்டு இருபத்தைந்து. மூடியைத் திரும்ப மூக்கில் வைத்துவிடப் போனேன். முகத்தைத் திருப்பினாள். எட்டரையை முள் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து மணிக்கு அவளுடைய கால்மாட்டில் இருந்த சாப்பாட்டு மேசையை இழுத்து, அதில் ஐபாட்டை நிமிர்த்தி வைத்தேன். வெல்பறோவின் ஆட்டத்தைக் கழகமே இணையத்தில் காட்டும்.

"இஞ்சேர், பார். உன்ரை மகன்."

பார்க்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வரிசையாக ஓடி வந்தவர்களில் ஐந்தாம் இலக்கத்தைக் கண்டதும் கண் திறந்தது.

"மெலிஞ்சிட்டான்," என்றாள்.

இருபதாவது நிமிடத்தில் வெல்பறோ ஒரு கோல் வாங்கியது. நிதுசனின் பிழை இல்லை. பந்து கோல் காப்பாளனின் கைக்குள்ளால் வழுகிப் போனது. சனங்கள் சொந்தக் காப்பாளனைத் தூற்றினார்கள். நிதுசன் போய் அவனுடைய தலையில் தட்டிவிட்டு வந்தான். நாற்பத்திரண்டாவது நிமிடம் தண்ணீர் நிற்கிற அந்த மூலையில் இருந்து உயர்ந்து வந்த பந்தை எம்பி நெற்றியால் அடித்தான். வலை அசைந்தது. ஒன்றுக்கு ஒன்று.

அவன் தன் வலது காலுறையைக் குனிந்து தொட்டதைத் திரையில் கண்டோம். மற்ற ஆட்கள் எல்லாரும் அவன்மேல் விழுந்தார்கள்.

குணேஸ்வரியின் கை என் சட்டைப் பைக்கு நேரே வந்தது.

"பாத்தியோ?" என்றேன். "காலமை கதைச்சிருந்தால் இது நடக்குமே?"

கை திரும்பிப் போனது.

இடைவேளைக்குச் சரியாகச் சாம்பவி தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு வந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

"கதைச்சவவோ?"

நான் திரையைப் பார்த்தேன்.

"அம்மா, தம்பியோட கதைச்சனீங்களோ?"

குணேஸ்வரி இல்லை என்று தலையை அசைத்தாள்.

"அவன் எடுக்கேல்லையோ?"

"எடுத்தவன்," என்றாள் குணேஸ்வரி. "நான் நித்திரையாம்."

சாம்பவி பிளாஸ்க்கை நிலத்தில் வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தம்பியின் தொலைபேசிக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. இங்கிலாந்தில் எங்கோ ஒரு பூட்டிய பெட்டிக்குள் அது அடித்திருக்கும்.

"நேர்ஸ் என்னட்டச் சொன்னவ, அப்பா. இண்டைக்காம். உங்களுக்குக் காலமையே தெரியுமாம்."

"பன்னிரண்டுக்கு எடுப்பான்."

"பன்னிரண்டு மணிவரைக்கும் தாங்காதாம்."

"மெதுவாக் கதை. அம்மாக்குக் கேக்குது."

"கேக்கட்டும். அவவுக்கு முதலே தெரியும். இந்த அறைக்குள்ள தெரியாதமாதிரி இருக்கிறது நீங்கள் மட்டுந்தான்."

கழகத்தின் அலுவலக இலக்கத்தைத் தேடி எடுத்து அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். வயதான குரல், பின்னால் சனத்தின் இரைச்சல். சாம்பவி ஒலியைத் திறந்து கட்டிலில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள், ஐந்தாம் இலக்கத்தின் அக்கா, மொன்றியலில் இருந்து, ஆஸ்பத்திரியில் இருந்து பேசுகிறேன் என்று.

"அவசரமா, பிள்ளை? இடைவேளை இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. நான் கீழே போய்ப் பயிற்சியாளரிடம் சொல்லி அவனைக் கூட்டி வரலாம்."

அந்த நேரம் பார்த்துக் குணேஸ்வரிக்குப் புரை ஏறியது. சாம்பவி தாயைத் தூக்கி நிமிர்த்தி முதுகைத் தடவினாள். கட்டிலில் கிடந்த தொலைபேசியில் அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "ஹலோ? அவசரமா?"

நான் குனிந்து பேசினேன்.

"நான் அவனுடைய தகப்பன். அவசரம் ஒன்றும் இல்லை. அவனைக் குழப்ப வேண்டாம்."

"நல்லது, ஐயா. பையன் அருமையாக விளையாடுகிறான். நீங்கள் பெருமைப்பட வேண்டும்."

"நன்றி," என்று சொல்லி நிறுத்தினேன்.

சாம்பவி தாயைக் கிடத்திவிட்டுத் திரும்ப அந்த இலக்கத்துக்கு அடித்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. ஆட்டம் தொடங்கப்போகிறது, அந்த மனிசி மேலே பார்க்கப் போயிருப்பாள். நாலு தரம் அடித்தாள். பிறகு தம்பிக்கு. பிறகும் தம்பிக்கு.

"மைதானத்தில நிக்கிற பிள்ளையை வெளியில கூப்பிட்டு எடுத்தால் நாளைக்கு என்ன கதை வரும் தெரியுமோ?" என்றேன். "திரும்பவும் பால் குடிக்கப் போனான் எண்டுதான் வாசிப்பாங்கள்."

"அப்பா," என்றாள் சாம்பவி. "அவன் பால் குடிச்ச மனிசி இதுதான்."

இரண்டாம் பாதி முழுவதும் அவள் ஐபாட்டைக் கையில் ஏந்தித் தாயின் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். வெல்பறோ ஆட்கள் எல்லாரும் பின்னுக்கு வந்து நின்று அடி வாங்கினார்கள். எழுபதாவது நிமிடம், நிதுசன் விழுந்து எழும்பி, கோட்டிலிருந்து ஒரு பந்தைக் காலால் தட்டினான். அடுத்த நிமிடம் இன்னொன்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, அதை நிப்பாட்டுங்கோ."

எதை என்று எனக்கு விளங்கவில்லை. ஐபாட் அவளுடைய கையில்தான் இருந்தது. அவள் அதை என் கையில் திணித்துவிட்டுத் தாயின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். நேர்ஸ் வந்தாள். பிறகு டொக்டர் வந்து மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள். பதினொன்று முப்பத்திரண்டு.

நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் முற்றாகக் குறைத்தேன். எழுதுகிறவன் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. வெல்பறோ ஆட்கள் புல்லில் குந்தி இருந்தார்கள். டன்மியரின் ஆட்டம் இன்னும் முடியவில்லை, அங்கேயும் சமன் என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. அப்படியே முடிந்தால் இவர்களுக்கு வாழ்வு. பார்வையாளர் மேடையில் இருந்த சனங்கள் தங்கள் தொலைபேசிகளைப் பார்த்தார்கள். நிதுசன் முழங்காலில் இருந்தான். கை காலுறைமேல்.

சத்தம் இல்லாததால் நான் கண்ணால்தான் அறிந்தேன். முதலில் ஒரு கிழவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராகத் தலையில் கை வைத்தார்கள். எங்கோ ஒரு ஊரில், மேலதிக நேரத்தின் ஆறாவது நிமிடத்தில், டன்மியர் கோல் போட்டுவிட்டது. வெல்பறோ இறங்கியது. என் மகன் ஒரு பிழையும் விடவில்லை.

பன்னிரண்டு பதினான்குக்கு என் சட்டைப் பையில் குணேஸ்வரியின் தொலைபேசி அடித்தது.

"அப்பா, இறங்கிட்டம்." பின்னால் யாரோ சுவருக்குச் சப்பாத்தை எறிகிற சத்தம். "அம்மா பாத்தவவோ? கோலைப் பாத்தவவோ?"

"பாத்தவ."

"என்ன சொன்னவ?"

"மெலிஞ்சிட்டாயாம்."

அவன் மூக்கால் சிரித்தான். "குடுங்கோ அம்மாட்ட. அக்கா ஏன் பதினேழு தரம் எடுத்திருக்கிறா?"

சாம்பவி எனக்கு எதிரே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கொடுக்கவில்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா போயிட்டா, நிதுசன்."

"எங்கை?"

பிறகு அவனுக்கு விளங்கியது. எப்போது என்று கேட்டான். நேரத்தைச் சொன்னேன். அவன் கணக்குப் பார்ப்பது எனக்குக் கேட்டது.

"காலமை நான் எடுக்கேக்கை," என்றான் மெதுவாக. "அம்மா நித்திரையோ?"

"இல்லை."

"பக்கத்திலயோ இருந்தவ?"

"ஓம்."

சப்பாத்து எறிகிற சத்தம் இன்னும் மூன்று தரம் கேட்டது. பிறகு இணைப்பு இல்லை.

பின்னேரம் வில்லரேயில் எங்கள் வீடு நிறைந்துவிட்டது. நகுலேஸ்வரன் சங்கத்து ஆட்கள் நாலு பேரோடு வந்து, என் கையைப் பிடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருந்து மரண அறிவித்தல் எழுதத் தொடங்கினார். எங்கள் ஆட்களில் யார் இறந்தாலும் அதை எழுதுவது அவர்தான். இணையத்தில் ஏறினால் உலகம் முழுக்க ஒரு மணி நேரத்தில் பார்க்கும்.

"சண்முகலிங்கம் அவர்களின் அன்பு மனைவியும், சாம்பவி, நிதுசன் ஆகியோரின் பாசமிகு தாயாரும். சரிதானே, அண்ணை?"

"சரி."

"மகனுக்குப் பக்கத்தில கழகத்தையும் போடட்டோ? இறங்கிட்டுதாம் எண்டு பெடியள் சொன்னாங்கள். அஞ்சாம் பிரிவெண்டு போடத் தேவையில்லை. கழகம் எண்டு மட்டும் போடுவம்."

"போடுங்கோ."

"புதன்கிழமை காலமை பத்து மணிக்குக் கிரியை. தாய்க்குக் கடைசிப் பிள்ளைதானே கொள்ளி வைக்கோணும். மகன் வாறார்தானே, அண்ணை?"

"வருவான்."

"கதைச்சனீங்களோ?"

"என்ரை மகன் வருவான் எண்டு சொல்லுறன்."

நகுலேஸ்வரன் தலையைக் குனிந்து எழுதினார். அப்போது சாம்பவி படியால் இறங்கி வந்தாள். தாயின் சேலை ஒன்று தோளில் கிடந்தது. தொலைபேசி கையில்.

"தம்பி அனுப்பியிருக்கிறான்," என்றாள்.

"பேந்து பாப்பம்."

"இல்லை, அப்பா. இவையும் கேக்கட்டும். அறிவித்தல் எழுதுறவைக்கு இது தெரியோணும்."

நகுலேஸ்வரனின் பேனா நின்றது. கதவடியில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். சாம்பவி அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"அக்கா, செவ்வாய் வாறன். அம்மாவுக்குக் கொள்ளி நான்தான் வைப்பன். ஆனால் அப்பா அங்கை நிக்கக்கூடாது. நிண்டாரெண்டால் நான் வாசலோட திரும்பிப் போயிடுவன்."

யாருடைய முகத்தை நோக்கினாலும் அது தாளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொங்கல் விழாவில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"அண்ணை," என்றார் நகுலேஸ்வரன் கடைசியில். அவருடைய குரலில் முதன்முதலாக இரக்கம் இருந்தது. அதை நான் மன்னிக்க மாட்டேன். "அப்ப என்னெண்டு எழுதுறது?"

"எழுதினபடி விடுங்கோ."

"மிச்சமும் இருக்கு," என்றாள் சாம்பவி. "நாளைக்குக் காலமை எட்டரைக்குள்ள பதில் வேணுமாம். எங்கடை எட்டரை. அதுக்குப் பிறகு போனை நிப்பாட்டி வைக்கப் போறானாம்."

அவள் என் முன்னால் வந்து நின்று, காலையில் எனக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"எட்டரைக்கு முதல், அப்பா."